முத்திரை இல்லாத போன்

மானிப்பாயில் ஒருவர் கையில் கூகுள் பிக்சல் போனைக் கண்டால், அது ஊர்க் கடையில் வாங்கியதாக இருக்க வாய்ப்புக் குறைவு. பிக்சலை நேரடியாக விற்கும் நாடுகளின் பட்டியலில் கூகுள் இலங்கையைச் சேர்க்கவில்லை. மருதடிப் பிள்ளையார் தேருக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த சித்தப்பா, சொக்லேட்டுக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவில் பொதிந்து கொண்டுவந்து பெறாமகனிடம் கொடுத்ததாக இருக்கும். பெறாமகனுக்குக் கணினியில் கைப்பழக்கம் உண்டென்றால் அடுத்து நடப்பதைச் சொல்லத் தேவையில்லை. ஒரு கேபிள், ஒரு மடிக்கணினி, அரை மணி நேரம். போனோடு வந்த இயங்குதளம் போய், அதன் இடத்தில் கிராபீன்ஓஎஸ் வந்துவிடும்.

அதற்குப் பிறகு போனை அணைத்துத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் கறுப்புத் திரையில் ஒரு மஞ்சள் எச்சரிக்கை சில விநாடிகள் நிற்கும். இந்தச் சாதனம் வேறொரு இயங்குதளத்தை ஏற்றுகிறது என்பது அதன் சாரம். அதற்குக் கீழே எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீண்ட கோவை. அந்த இயங்குதளத்துக்குக் கையொப்பமிட்ட திறவுகோலின் அடையாளம் அது. எச்சரிக்கையின் நிறத்தை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. இந்த விவகாரத்தின் பாதி அந்த மஞ்சளில்தான் இருக்கிறது.

போன் எந்தக் குறையுமில்லாமல் ஓடும். வட்ஸ்அப் வரும், யூடியூப் வரும், அம்மம்மாவோடு வீடியோ அழைப்புப் பேசலாம். பாதுகாப்புத் திருத்தங்கள் தாமதமில்லாமல் வந்து சேரும். பிறகு ஒரு நாள் வங்கிச் செயலியைத் திறந்தால், உங்கள் சாதனம் பாதுகாப்பானதல்ல என்று ஒரு வரி வந்து செயலி தானாக மூடிக்கொள்ளும். எல்லா வங்கிச் செயலிகளும் இப்படி இல்லை. சில திறக்கும், சில திறக்காது. இன்று திறப்பது அடுத்த அப்டேட்டுக்குப் பிறகும் திறக்குமா என்று எவரும் உறுதி சொல்ல முடியாது.

அதே வீட்டில் அப்பாவின் போனைப் பாருங்கள். 2018இல் வாங்கியது, அண்ட்ரொய்ட் 9. கடைசியாகப் பாதுகாப்புத் திருத்தம் வந்து வருடக்கணக்காகிறது. உலகத்துக்கே தெரிந்த ஓட்டைகள் அதில் அடைக்கப்படாமல் கிடக்கின்றன. அந்தப் போனில் அதே வங்கிச் செயலி எந்தக் கேள்வியும் கேட்காமல் திறக்கும். திருத்தம் பார்த்த போனுக்குக் கதவடைப்பு, ஓட்டைப் போனுக்கு வரவேற்பு.

இது தற்செயலாக வந்த குளறுபடி இல்லை. செயலி ஒன்று தான் ஓடும் போனை நம்பலாமா என்று கேட்பதற்குக் கூகுள் ஒரு வசதியை வைத்திருக்கிறது. முன்பு சேஃப்டிநெட் என்றார்கள். இப்போது அதன் இடத்தில் இருப்பது பிளே இன்டெக்ரிட்டி. செயலி கேட்கும், கூகுள் பதில் சொல்லும். பதிலில் மூன்று படிகள் உண்டு: அடிப்படை நம்பகம், சாதன நம்பகம், வலுவான நம்பகம். நடுப்படியையோ மேற்படியையோ தாண்டவேண்டுமானால், போனில் இருப்பது கூகுள் சான்றளித்த இயங்குதளமாக இருக்கவேண்டும். சான்று பெறுவதற்குப் போன் தயாரிப்பாளர் கூகுளின் பரிசோதனைத் தொகுப்பில் தேறினால் மட்டும் போதாது. கூகுள் சேவைகளை உரிமம் பெற்றுப் போனில் ஏற்றவும் வேண்டும். கிராபீன்ஓஎஸ் முதற்படியைத் தாண்டும். அடுத்த இரண்டையும் தாண்டாது. அதன் பாதுகாப்பை யாரும் சோதித்துப் பார்த்துத் தள்ளவில்லை. அதைச் சோதிக்கும் வழியே அந்த ஏற்பாட்டில் இல்லை.

2025 மே மாதத்தில் விதி இன்னும் இறுகியது. அண்ட்ரொய்ட் 13இலும் அதற்கு மேற்பட்ட பதிப்புகளிலும் ஓடும் போன்களில் சோதனை வன்பொருள்வரை போகிறது. மேற்படிக்குக் கடந்த 12 மாதத்துக்குள் பாதுகாப்புத் திருத்தம் வந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. நல்ல நிபந்தனைதான். ஆனால் அது மேற்படிக்கு மட்டும், அதுவும் புதிய அண்ட்ரொய்டுக்கு மட்டும். அப்பாவின் போன் பழையது என்பதாலேயே தப்பிவிடுகிறது.

கிராபீன்ஓஎஸ் ஏதோ பொழுதுபோகாத பொடியன்கள் செய்த விளையாட்டு என்று நினைக்கக்கூடாது. டேனியல் மிக்கே என்ற கனடா நாட்டுப் பாதுகாப்பு ஆய்வாளர் 2014இல் தொடங்கிய வேலை அது. முதலில் கொப்பர்ஹெட்ஓஎஸ் என்ற பெயரில் இருந்தது. 2018இல் கூட்டாளியோடு முரண்பட்டுப் பிரிந்து, 2019இல் இப்போதைய பெயருக்கு வந்தது. பிக்சல் போன்களை அது தேர்ந்தெடுத்ததற்கு ஒரு முக்கிய காரணம், அவற்றுக்குள் இருக்கும் பாதுகாப்புச் சில்லு. கூகுள் செய்த போனில்தான் கூகுளுக்குப் பிடிக்காத இயங்குதளம் நன்றாகப் பூட்டுகிறது என்பது ஒரு வேடிக்கை.

அதில் ஒவ்வொரு செயலிக்கும் இணைய இணைப்பைத் தனித்தனியாகக் கொடுக்கலாம், மறுக்கலாம். தொடர்புப் பட்டியல் முழுவதையும் திறந்துவிடாமல், இன்னார் இன்னார் பெயர் மட்டும் என்று பொறுக்கிக் கொடுக்கலாம். பூட்டியபடி 18 மணி நேரம் கிடந்தால் போன் தானாக ஒருமுறை அணைந்து திறக்கும். நினைவில் கிடந்த திறவுகோல்கள் அழிந்து, உள்ளே இருப்பவை மறையாக்கப்பட்ட நிலைக்குத் திரும்பிவிடும். இந்த வசதியை கிராபீன் கொண்டுவந்து சில வருடங்கள் கழித்து, 2024இல் அப்பிளும் 2025இல் கூகுளும் தத்தம் பாணியில் சேர்த்துக்கொண்டன. சான்றிதழ் இல்லாதவனிடமிருந்து சான்றிதழ் கொடுப்பவன் பாடம் படித்திருக்கிறான்.

வெளியிலிருந்தும் ஒரு சாட்சியம் உண்டு. போனைத் திறந்து உள்ளிருப்பதை எடுக்கும் கருவிகளைப் பொலிஸாருக்கு விற்கும் இஸ்ரேலிய நிறுவனம் செல்பிரைட். எந்தப் போனைத் திறக்க முடியும், எதை முடியாது என்று அது வைத்திருந்த உள்ளகப் பட்டியல் 2024இல் கசிந்தது. 2022இன் பிற்பகுதிக்குப் பின் திருத்தங்கள் ஏற்றிய கிராபீன் போன்களைத் தன்னால் திறக்க முடியாது என்று அந்தப் பட்டியல் ஒப்புக்கொண்டிருந்தது. கூகுளின் சான்றிதழைவிட ஒரு பூட்டுடைப்பவனின் தோல்வி பெரிய நற்சான்று என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் சிலிக்கன் பள்ளத்தாக்குச் சங்கதி, யாழ்ப்பாணத்துக்கு என்ன என்று கேட்பவர் இருக்கலாம். சங்கதியே இங்குதான் இருக்கிறது. அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி சோதனைச்சாவடியில் வரிசையில் நின்று வளர்ந்த தலைமுறை இங்கே உண்டு. இன்று அடையாள அட்டையைவிட அதிகம் சொல்வது போன். யாரோடு பேசினார், எங்கே போனார், எந்தப் படத்தைப் பார்த்தார், எந்த நினைவுநாளில் என்ன எழுதினார் என்று எல்லாம் அதற்குள். பேஸ்புக்கில் போட்ட பதிவுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வடக்கிலும் கிழக்கிலும் இளைஞர்கள் கைதானதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பின்னும், 2022 ஏப்ரலில் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபயவுக்கு எதிரான போராட்டத்தின்போதும் சமூக ஊடகங்களை அரசு தடுத்தது. அந்த நாட்களில் விபிஎன் என்ற சொல் ஆச்சிமார் வாயிலும் புழங்கியது. 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. இவ்வளவுக்கும் பிறகு, தன் போனை இறுகப் பூட்டி வைக்க விரும்பும் ஒருவரைப் பார்த்து உனக்கு ஒளிக்க என்ன இருக்கிறது என்று கேட்பது அறியாமை, அல்லது அதைவிட மோசமானது.

அந்தக் கேள்வி இங்கு மட்டும் கேட்கப்படுவதுமில்லை. ஸ்பெயினின் கட்டலோனியாவில், பிக்சல் போனைக் கண்டால் போதைப்பொருள் வியாபாரியாக இருக்கலாம் என்று பொலிஸார் சந்தேகிக்கிறார்கள் என்ற செய்தி 2025இல் வந்தது. குற்றவாளிகள் நல்ல பூட்டை விரும்புவது உண்மை. பத்திரிகையாளரும், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரோடு வேலை செய்பவரும், வீட்டில் அடிவாங்கிப் பிரிந்து வந்த பெண்ணும் விரும்புவதும் அதே பூட்டைத்தான்.

வங்கியின் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. பணம் போனால் வாடிக்கையாளர் வங்கி வாசலில் வந்துதான் நிற்பார். போனின் உள்ளதிகாரத்தை உடைத்துத் திறந்த பிறகு, ஒரு செயலி இன்னொரு செயலியின் இரகசியத்தைப் படிக்கலாம். கடவுச்சொல்லை அடிக்கும்போதே களவெடுக்கலாம். அப்படிப்பட்ட போனில் வங்கிச் செயலி ஓடவேண்டாம் என்பது சரியான எச்சரிக்கை. பிளே ஸ்டோருக்கு வெளியே, இணையத்தில் அங்குமிங்கும் கிடைக்கும் செயலிகளில் தீநிரல்கள் 50 மடங்குக்கு மேல் அதிகம் என்று கூகுள் சொல்கிறது. தன் வியாபாரத்துக்குச் சாதகமான கணக்கு என்றாலும், திசை பிழையென்று சொல்ல முடியாது.

இப்போது அந்த மஞ்சளுக்கு வருவோம். அண்ட்ரொய்ட் போன் ஒன்று தொடங்கும்போது தன்னைத் தானே சரிபார்த்து ஒரு நிலையை அறிவிக்கிறது. பச்சை என்றால் தயாரிப்பாளரின் இயங்குதளம், பூட்டியபடி. செம்மஞ்சள் என்றால், இயங்குதளத்தை ஏற்றிவிடும் பூட்லோடர் என்ற நிரல் திறந்து கிடக்கிறது. யாரும் எதையும் மாற்றியிருக்கலாம். மஞ்சள் என்றால் வேறொருவரின் இயங்குதளம், ஆனால் பூட்டு போட்டபடி, கையொப்பம் சரிபார்த்தபடி. கிராபீன்ஓஎஸ் மஞ்சள். வங்கி பயப்படவேண்டிய போன் செம்மஞ்சள். இந்த வேறுபாட்டைப் போனின் பாதுகாப்புச் சில்லே கையொப்பமிட்டுச் சொல்லும். அண்ட்ரொய்டுக்குள் அதற்கென ஒரு பொதுவான வசதி பல வருடமாக இருக்கிறது. வங்கியின் செயலி அதை நேரே கேட்கலாம். எந்தத் திறவுகோலின் அடையாளங்களை ஏற்பது என்று வங்கியே ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளலாம். கிராபீன் குழு தன் அடையாளங்களை வெளிப்படையாகப் போட்டு, எப்படிச் சேர்ப்பது என்ற வழிகாட்டியையும் எழுதி வைத்திருக்கிறது. ஒரு நல்ல பொறியியலாளருக்கு இது பெரிய வேலை இல்லை.

ஆனால் பிளே இன்டெக்ரிட்டியை எடுத்து ஒட்டினால் அதைவிடச் சின்ன வேலை. ஆம், இல்லை என்று கூகுள் சொல்லிவிடும். கணக்காய்வாளர் வந்து கேட்டால் காட்டவும் ஒரு பெயர் கிடைக்கும். அங்கேதான் கோளாறு. பாதுகாப்பை அளப்பதற்குப் பதிலாக முத்திரையைத் தேடும் பழக்கம் வந்துவிட்டது.

முத்திரை தேடியவர்கள் சறுக்கிய கதையும் உண்டு. ஓடிபி எண்களை உருவாக்கித் தரும் ஓத்தி என்ற செயலி, டுவிலியோ என்ற அமெரிக்க நிறுவனத்தினுடையது. 2024இல் அது இந்த நம்பகச் சோதனையைக் காட்டி கிராபீன் பாவனையாளர்களை வெளியே விட்டது. அதே வருடம் ஜூலையில், அந்த நிறுவனத்தின் சொந்த வழங்கியில் அடையாளம் கேட்காத ஒரு வாசல் திறந்து கிடந்து, ஓத்தி பாவனையாளர்களின் 3 கோடி 30 இலட்சம் தொலைபேசி எண்கள் வெளியே போனது தெரியவந்தது. வாடிக்கையாளரின் போனைத் தட்டிப் பார்த்தவர்கள் தங்கள் படலையைப் பூட்டியிருக்கவில்லை.

நமது ஊரில் வங்கிப் பணம் போகும் வழியையும் யோசிக்க வேண்டும். பரிசு விழுந்திருக்கிறது என்றோ, உங்கள் கணக்கு முடக்கப்படப் போகிறது என்றோ ஒரு குரல் அழைத்து, வந்த ஓடிபியைச் சொல்லச் சொல்கிறது. சொன்னவர் ஏமாறுகிறார். அவர் கையில் இருப்பது பெரும்பாலும் முத்திரை குத்திய, பச்சை நிலையில் உள்ள, கடையில் வாங்கிய போன். அந்தக் களவை எந்த நம்பகச் சோதனையும் தடுக்காது.

யார் செய்கிறார் என்பதைப் பார்த்து, என்ன செய்கிறார் என்பதைப் பாராமல் விடும் அனுமதிமுறை மானிப்பாய்க்குப் புதிதல்ல. அமெரிக்க மிஷன் 1820இல் ஜேம்ஸ் கரெட் என்ற அச்சுக்காரரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியது. அச்சுப்பொறி இருந்தது, தொழில் தெரிந்த ஆள் வந்துவிட்டார், அச்சிட வேண்டியவையும் காத்திருந்தன. லெப்டினன்ட் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் அனுமதி கொடுக்கவில்லை. மூன்று மாதத்துக்குள் வெளியேறு என்றார். கரெட் பம்பாய்க்குப் போனார். அவர் அச்சடித்த எதிலும் பிழை கண்டதால் இல்லை, அவர் ஒன்றுமே அச்சடித்திருக்கவில்லை. அவர் அமெரிக்கர் என்பதுதான் குற்றம். மிஷனின் அச்சுப்பொறி நல்லூரில் இருந்த ஆங்கிலேயச் சேர்ச் மிஷன்காரரிடம் போயிற்று. அதே பொறி, அதே யாழ்ப்பாணம். ஆங்கிலேயர் கையில் இருந்தபோது அரசுக்கு ஆட்சேபம் இல்லை.

தடை தளர்ந்து, ஈஸ்ட்மன் ஸ்ட்ரோங் மைனர் என்ற அமெரிக்க அச்சுக்காரர் 1834இல் வந்த பிறகுதான் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகம் எழுந்தது. 1841இல் உதயதாரகை அங்கிருந்து வந்தது. 1842இல் வந்த அகராதி மானிப்பாய் அகராதி என்றே இன்றும் அறியப்படுகிறது. பதினான்கு வருடம் பார்ன்ஸின் அந்த ஒரு முடிவால் போயிற்று. அன்றைக்கு முத்திரை வைத்திருந்தது ஒரு பேரரசின் ஆளுநர். அவருக்கு மேலே முறையிட லண்டனில் ஒரு அலுவலகமாவது இருந்தது.

இன்றைய முத்திரைக்காரரைக் கேள்வி கேட்கும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. ஐரோப்பிய ஆணைக்குழு 2018 ஜூலையில் கூகுளுக்கு 434 கோடி யூரோ தண்டம் போட்டது. காரணங்களில் ஒன்று, அண்ட்ரொய்டின் கிளைப் பதிப்புகளில் ஓடும் போன்களை விற்கத் தயாரிப்பாளர்களை அது தடுத்தது. 2022 செப்டெம்பரில் நீதிமன்றம் தொகையை 412.5 கோடியாகக் குறைத்தாலும் அந்தக் காரணத்தைத் தள்ளவில்லை.

இந்தியாவின் போட்டி ஆணையம் 2022 ஒக்டோபர் 20 அன்று 1,337.76 கோடி ரூபா தண்டம் விதித்தது. அதோடு கொடுத்த கட்டளைகளில் ஒன்று நமக்கு முக்கியமானது: பிளே சேவைகளின் வசதிகளை மறுத்துப் போட்டியாளர்களையும் தயாரிப்பாளர்களையும் செயலி எழுதுபவர்களையும் பாதிக்கக்கூடாது. அந்தக் கட்டளை நிலைத்திருந்தால் முத்திரை விவகாரத்துக்கு ஒரு சட்டப்பிடி கிடைத்திருக்கும். 2023 மார்ச் 29 அன்று மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் தண்டத்தை ஏற்றது, ஆனால் நான்கு கட்டளைகளை நீக்கியது. நீங்கியவற்றில் அதுவும் ஒன்று. பணத்தைக் கட்டு, பழக்கத்தை வைத்துக்கொள் என்று சொன்னது போலாயிற்று.

அந்த வருடத் தொடக்கத்தில்தான் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் வளர்ந்த பார்ஓஎஸ் மேடையேறியது. ஐ.ஐ.டி.யின் பிரவர்த்தக் அமைப்பின் ஆதரவில் ஜேண்ட்கே ஒப்பரேஷன்ஸ் என்ற நிறுவனம் செய்தது. கூகுளின் செயலிகள் ஒன்றும் முன்கூட்டி ஏற்றப்படாத இயங்குதளம் என்றார்கள். எந்தச் செயலி நம்பிக்கையானது என்பதை நிறுவனங்கள் தாமே வைத்திருக்கும் தனிக் கடையிலிருந்து தீர்மானிக்கலாம் என்றார்கள். 2023 ஜனவரி 24 அன்று மத்திய அமைச்சர்கள் இருவர் கையில் போனைப் பிடித்து முயன்று பார்த்தார்கள், படங்கள் வந்தன. அது கடுமையான இரகசியம் தேவைப்படும் நிறுவனங்களுக்கானது என்று முதலிலேயே சொல்லப்பட்டது. கடைத்தெருவுக்கு அது வரவில்லை. வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. இயங்குதளம் எழுதுவதற்குச் சென்னையில் ஆள் பஞ்சம் இல்லை. எழுதிய பிறகு அதில் வங்கிச் செயலி திறக்குமா என்பதை முடிவு செய்யும் இடம் சென்னையில் இல்லை, கலிபோர்னியாவில் இருக்கிறது.

அந்த இடம் தானும் சுதந்திரமானதல்ல என்பதை இலங்கையர்கள் 2019இல் பார்த்தோம். அப்போது நம் தெருவெங்கும் ஹுவாவி போன்கள். மே மாதம் வாஷிங்டனில் அந்த நிறுவனத்தைத் தடைப்பட்டியலில் போட்டார்கள். செப்டெம்பரில் வந்த மேட் 30 போனில் பிளே ஸ்டோர் இல்லை. வன்பொருளில் குறையில்லை, கமெராவை எல்லோரும் மெச்சினார்கள். இன்னொரு நாட்டின் வணிகச் சண்டை இங்கே வாங்கியவன் சட்டைப் பைக்குள் வந்து நின்றது. ஒரு நாட்டின் வங்கிகளும் அரச சேவைகளும் அந்த முத்திரையை மட்டும் நம்பி ஓடத் தொடங்கினால், அடுத்த தடவை சிக்கப்போவது ஒரு நிறுவனத்தின் போன் மட்டுமாக இருக்கவேண்டியதில்லை.

நாம் அந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருக்கிறோம். 2025 பெப்ரவரி 7 அன்று கவ்பே தொடங்கியது. அரசுக்குக் கட்டவேண்டிய பணத்தை இருந்த இடத்திலிருந்தே கட்டலாம். கட்டுவது வங்கிகளின் செயலிகள் மற்றும் இணையவழிச் சேவைகள் ஊடாக. இந்தியாவின் நன்கொடை உதவியோடு டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டம் நடக்கிறது. மத்திய வங்கி எங்கும் கியூஆர் என்கிறது. இவை நல்ல திட்டங்கள். கச்சேரியில் ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தவருக்கு அதன் அருமை தெரியும். ஆனால் செயலிதான் வாசல் என்றான பிறகு, செயலி எந்தப் போனில் திறக்கும் என்பது தொழில்நுட்பப் பிரிவின் தனி விருப்பமாக இருக்க முடியாது. அது குடிமக்களின் உரிமை சார்ந்த விஷயமாகிவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025இல் வயதுச் சரிபார்ப்புச் செயலியை முன்வைத்தபோது கூகுளின் சோதனையை அது நம்பியிருக்கப்போகிறதா என்று அங்கே பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. நம் நாட்டில் அப்படி ஒரு கேள்வி பாராளுமன்றத்தில் எழுந்ததாகத் தெரியவில்லை.

இன்னொரு இறுக்கமும் வருகிறது. தன் அடையாளத்தைக் கூகுளிடம் பதிவு செய்யாதவர் எழுதிய செயலியை, சான்றளித்த அண்ட்ரொய்ட் போன்களில் நிறுவ முடியாது என்று 2025 ஓகஸ்டில் கூகுள் அறிவித்தது. 2026 செப்டெம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் தொடக்கம், 2027 முதல் மற்ற நாடுகள். தன்னார்வலர்கள் நடத்தும் எஃப்-டிரோய்ட் போன்ற திறந்த மூலச் செயலிக் களஞ்சியங்கள் கடுமையாக எதிர்த்தன. அனுபவமுள்ள பாவனையாளருக்கு ஒரு மாற்று வழி விடுவதாகக் கூகுள் நவம்பரில் சற்று இறங்கிவந்தது. இதன் விளைவைக் கவனியுங்கள். முத்திரை உள்ள போனில் விரும்பிய செயலியை ஏற்றும் சுதந்திரம் சுருங்குகிறது. முத்திரை இல்லாத போனில் அந்தச் சுதந்திரம் இருக்கும், வங்கி இருக்காது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று குடிமகனைக் கேட்கும் உரிமையை எந்த அரசும் கூகுளுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. கேளாமலே எடுத்துக்கொண்டது.

பிக்சலும் கிராபீனும் மானிப்பாயில் எத்தனை பேர் கையில் இருக்கும், இதற்குப் போய் இவ்வளவு பேச்சா என்று ஒரு வாதம் வரும். எண்ணிக்கை சின்னதுதான். ஆனால் அப்பாவின் பழைய போனையும் இந்த விதி ஒருநாள் தொடும். தயாரிப்பாளர் திருத்தம் அனுப்புவதை நிறுத்திவிட்ட நல்ல போனை, லீனியேஜ்ஓஎஸ் போன்ற ஒன்றை ஏற்றி இன்னும் நாலு வருடம் ஓட்டலாம். டொலர் விலையில் வந்திறங்கும் போனைச் சம்பளக்காரர் அடிக்கடி மாற்ற முடியாத நாட்டில் அது சின்னச் சேமிப்பல்ல. லீனியேஜ் போடும் பெரும்பாலான போன்களில் பூட்லோடரைத் திரும்பப் பூட்ட முடியாது. அந்தக் குறையை மறைக்கக்கூடாது. ஆனால் திருத்தமே வராத பழைய இயங்குதளத்தை ஏற்று, திருத்தம் வரும் புதியதைத் தள்ளுவது எந்தக் கணக்கில் பாதுகாப்பு என்று வங்கிகள் விளக்கவேண்டும்.

செய்யக்கூடியவை இருக்கின்றன, பெரிய சட்டமும் வேண்டாம். பணக் கொடுப்பனவுச் செயலிகளுக்கு மத்திய வங்கி ஏற்கெனவே குறைந்தபட்சத் தரங்களை வகுத்திருக்கிறது. அதில் ஒரு பந்தி சேர்க்கலாம். போன் பாதுகாப்பானதா என்பதைப் பூட்டு நிலை, கையொப்பம், கடைசித் திருத்தத்தின் திகதி ஆகியவற்றைக் கொண்டு அளக்கவேண்டும். ஒரு தனியார் நிறுவனத்தின் சான்றிதழை மட்டும் காரணம் காட்டி வாடிக்கையாளரை மறுக்கக்கூடாது. மறுத்தால் காரணத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் சொல்லவேண்டும், முறையிட ஓர் இடம் இருக்கவேண்டும். உங்கள் சாதனம் பாதுகாப்பானதல்ல என்ற ஒற்றை வரி காரணமாகாது.

செயலிக்கு வெளியே ஒரு கதவும் திறந்திருக்க வேண்டும். இணைய உலாவியில் ஓடும் வங்கிச் சேவையைச் செயலியைக் காட்டிச் சுருக்கும் போக்கு உலகெங்கும் தெரிகிறது. இங்கே அது நடக்கவிடக்கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2025 மார்ச்சில் முழுதாக நடைமுறைக்கு வந்திருக்க வேண்டியது, தள்ளிப்போடப்பட்டது. அதை அமுல்படுத்தும்போது, வங்கிச் செயலி ஒன்றைப் பாவிப்பதற்கு மூன்றாம் நிறுவனம் ஒன்றின் சேவைகள் போனில் நிரந்தரமாக ஓடவேண்டும் என்ற நிபந்தனை அந்தச் சட்டத்தோடு பொருந்துகிறதா என்று தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை பார்க்கவேண்டும்.

அண்ட்ரொய்டையும் கூகுளின் சேவைகளையும் இப்படிப் பிரித்து வைக்க முடியாது என்று சொல்பவர்களுக்கு இந்தியாவிலேயே பதில் இருக்கிறது. தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கான அண்ட்ரொய்ட் வழக்கில் 2025 ஏப்ரலில் கூகுள் 20.24 கோடி ரூபா கொடுத்துச் சமரசத்துக்கு வந்தது. பிளே ஸ்டோரையும் பிளே சேவைகளையும் மற்றச் செயலிகளோடு மூட்டையாகக் கட்டாமல் தனியாக உரிமம் கொடுக்கவும், கிளைப் பதிப்புகளைத் தடுத்த நிபந்தனைகளைத் தளர்த்தவும் ஒத்துக்கொண்டது. தொலைக்காட்சிக்கு முடிந்தது போனுக்கு முடியாது என்பதற்கு எந்தப் பொறியியல் காரணமும் இல்லை. இலங்கையின் டிஜிட்டல் அடையாளச் செயலிக்கான கேள்விப்பத்திரங்களை எழுதுகிறவர்கள், பூட்டிய பூட்லோடரும் சரிபார்த்த கையொப்பமும் உள்ள எந்தப் போனிலும் அது ஓடவேண்டும் என்ற ஒரு வரியை இப்போதே சேர்த்துவிடலாம். ஒப்பந்தம் கைச்சாத்தான பிறகு அதே வரியைச் சேர்க்கப்போனால், செலவு இத்தனை கோடி என்று ஒரு மதிப்பீடு மேசைக்கு வரும்.